எண்பத்து மூன்றாம் குப்பி

மழை வராது என்பதை
மழைமானி சொல்லவில்லை.
தாம்தினின் ஆடுகள் சொல்லின:
இருட்டோடு எழுந்து
வடக்கே மூக்கை நீட்டி நின்றன.

மண்டல்கோபிக்குத் தெற்கே, மோட்டார்சைக்கிளில் அரைநாள்.
என் வேலை பெரிதில்லை.
தண்டை அறுக்க வேண்டும், பட்டையை உரிக்க வேண்டும்,
குப்பியிலிட்டு மெழுகுத்தாள் சுற்றி
எண் எழுத வேண்டும்.
குளிர்ப்பெட்டியில் பாதி என் குப்பிகள்,
பாதி செவெல்மாவின் ஆட்டிறைச்சி.
போன வாரம் ஒரு குப்பியைக் காணோம்.
அன்றைய சூப் நன்றாகவே இருந்தது; நான் எதுவும் கேட்கவில்லை.

நகரத்தில் ஒரு கருவி,
தண்டுக்குள் இருக்கும் நீரை நிறுத்து
அது எந்த ஆழத்து நீர் என்று சொல்லிவிடும்.
வெயில் மேல்மண்ணைத் தொட்டதும்
லேசான நீர் முதலில் கிளம்புகிறது,
கனத்தது தங்கிவிடுகிறது.
(இந்தப் பாதையில் பதினொரு கெர்கள் இருந்தன.
இப்போது மூன்று.
யார் லேசு, யார் கனம் என்று
நான் யோசிப்பதில்லை.)

தானா என்னும் காட்டு வெங்காயம்
ஒரு சாணுக்குக் கீழே இறங்காது.
தூறல் விழும்வரை செத்ததுபோல் கிடக்கும்;
செத்துவிட்டதா என்று தோண்டிப் பார்த்தால்
விரலெல்லாம் நெடி.
ஊசிப்புல் ஒரு முழம்.
கர்கனா முள்ளோ
இரண்டு ஆள் ஆழத்தில், சரளைக்கு அடியில்,
வேர்முனையை வைத்துக்கொண்டு
மேலே ஒன்றுமறியாத மஞ்சள் பூ காட்டும்.

அறிக்கையில் இதன் பெயர் பங்கீடு.
எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை.
யாரும் உட்கார்ந்து பேசவில்லை.
ஒன்றின் கை எட்டாத இடத்தில்
மற்றொன்றின் கை, அவ்வளவுதான்.
கிணற்றடியிலும் அப்படித்தான்:
கோங்கோர் தன் குதிரைகளை நள்ளிரவில் ஓட்டி வருகிறார்,
தாம்தின் விடிந்தபின்.
ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்கக் கூடாதென்று
ஆறு வருடமாக.
இடையில் கிடைக்கும் நாலு மணி நேரத்தில்
கிணறு ஊறிக்கொள்கிறது.

எண்பத்து மூன்று ஊசிப்புல்.
கர்கனாவின் காலடியில் முளைத்தது,
கிழக்கு வெளுக்குமுன் அறுத்தேன்.
முடிவு குறுஞ்செய்தியாக வந்தபோது
சிக்னல் கிடைக்கும் ஒரே குன்றின்மேல்
செருப்பில் மணல் தட்டிக்கொண்டிருந்தேன்.
புல்லுக்குள் புல்லின் நீர் இல்லை.
லேசான நீர், ஆழத்து நீர்.

இரவில் கர்கனா தன் இலைவாய்களை மூடியபின்
கீழிருந்து இழுத்தது போக வழியின்றி
மேல்வேர்களின் வழியே
காய்ந்த மண்ணுக்குள் இறங்குகிறது.
'தருகிறது' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'கசிகிறது' என்றெழுதினேன்.
பகலில் பெரும்பகுதியை அதுவே
திரும்பக் குடித்துவிடுகிறது என்பதையும்.

தாம்தின் குப்பியை வாங்கி
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
கோடைமழை இல்லை இது, பனி, என்றேன்.
உருகி ஆழத்துக்குப் போன பனி.
"எந்த வருடத்துப் பனி?"
கருவி வருடம் சொல்லாது என்றேன்.
"இங்கே அவ்வளவு ஆழம் இறங்குகிற பனி
ஒரே ஒரு தடவைதான் விழுந்தது."

அந்தக் குளிர்காலத்தில்
முந்நூற்று நாற்பது ஆடுகள்
நின்ற நிலையிலேயே.
கொம்பைப் பிடித்துத்தான்
எண்ண முடிந்ததாம்.

குப்பியைத் திருப்பித் தரும்முன்
மூடி சரியாக இருக்கிறதா என்று
ஒருமுறை திருகிப் பார்த்தார்.

மறுநாள் காலை கம்பியைத் தாண்டி
ஒரு வெள்ளாடு என் கட்டத்துக்குள் நின்றது.
கர்கனாவின் நிழலில், முன்கால் மடக்கி,
புல்லைக் கரகரவென்று.
நான் கல் எடுத்தேன்.
தாம்தின் அதட்டவில்லை, ஆட்டை அழைக்கவுமில்லை,
அதன் தொண்டை ஏறி இறங்குவதையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் என் கையில் சூடாகும்வரை இருந்தது.

குறிப்பேட்டில்:
எண்பத்து நான்கு முதல் தொண்ணூறு வரை
மாதிரி இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்:
மேய்ந்தது.